டயல்ல 61, கத்தி மடங்குது: பழைய ஹார்ட்னஸ் டெஸ்டர் வாங்கப் போறவங்களுக்கு

பெங்களூரு பீன்யால, ஸ்டீல் எவ்ளோ கடினம்னு பாக்கற ஹார்ட்னஸ் டெஸ்டர் சரியா காட்டுதான்னு சோதிக்கற கேலிப்ரேஷன் வேலை பாக்கறேன், பதினேழு வருஷம் ஆச்சு. முன்னாடி எல்லாம் கியர் கம்பெனி, பேரிங் கம்பெனி, ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல இருந்து தான் கூப்பிடுவாங்க. இப்போ கொஞ்ச நாளா சின்னப் பசங்க கூப்பிடறாங்க, ஐடி வேலைய விட்டுட்டோ விடாமலோ வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு கிச்சன் கத்தி அடிக்கறாங்க. சந்தோஷமான விஷயம் தான். ஆனா பத்துல ஏழு பேர் மெஷினை வாங்கி, வேன்ல ஏத்தி, இறக்கி, ரெண்டு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம் தான் எனக்கு போன் பண்றாங்க.

ஸ்ரீராமபுரத்துப் பையன் ஒருத்தன் அப்படித்தான் வந்தான். காமாட்சிபாளையால பட்டறை. மூடின ஒரு ஃபேக்டரியோட சாமான் எல்லாம் ஒரு குஜரில, அதாவது நம்ம ஊர் பாஷைல காயலான் கடைல, கிடந்திருக்கு. அதுல ஒரு ராக்வெல் மெஷின் (ஹார்ட்னஸ் டெஸ்டர்ல ஒரு வகை), பச்சை பெயின்ட் புதுசா அடிச்சு, பளபளன்னு. 22,000 ரூபாய். கடைக்காரர் "ஒள்ளே மெஷின் சார்"னு சொல்லி ஒரு பழைய அரத்தை கவர்ல இருந்து எடுத்து வச்சு அமுக்கிக் காட்டியிருக்கார், முள் நல்லா ஓடியிருக்கு, இவன் வாங்கிட்டான். அப்புறம் என்னாச்சுன்னா, டயல்ல 61 வர்ற மாதிரி டெம்பர் பண்ணின, அதாவது திரும்ப அளவா சூடாக்கி கடினத்தைக் குறைச்ச, கத்தி எல்லாம் கேரட் வெட்டினாலே முனை மடங்குது. ஒரு ஓட்டல் செஃப் மூணு கத்திய திருப்பிக் குடுத்துட்டார்.

அண்ணா, ஸ்டீல் டூப்ளிகேட்டா இருக்குமோன்னு கேட்டான். ஸ்டீல் ஒண்ணும் டூப்ளிகேட் இல்ல, நல்ல ஈஎன் 31, பேரிங் பண்ற ஸ்டீல். நம்ம லேப் மெஷின்ல அதே கத்திய வச்சேன். 47.

எப்படி 47 போய் 61 ஆச்சுங்கறதுக்கு முன்னாடி அந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அது 'ஹார்ட்னஸ்' பாக்குதுன்னு நினைச்சுட்டிருக்காங்க. அது ஆழம் தான் பாக்குது. 120 டிகிரி கோன் வடிவத்துல ஒரு டைமண்ட், முனை 0.2 மில்லிமீட்டர் ரேடியஸ், முதல்ல 10 கிலோ லோடுல லேசா உக்காரும், அங்க ஜீரோ வைப்போம், அப்புறம் மொத்தம் 150 கிலோ ஏறும், சில செகண்ட் நிக்கும், திரும்ப 10-க்கு இறங்கும், இப்போ டைமண்ட் எவ்ளோ கீழ போயிருக்குன்னு டயல் காட்டும். அது தான் ஹெச்ஆர்சி, அதாவது ராக்வெல் சி ஸ்கேல் எண். ஒரு பாயிண்ட்னா 2 மைக்ரான். 100-ல இருந்து கழிச்சுட்டே வரணும், 60 வந்தா டைமண்ட் 80 மைக்ரான் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். ஒரு தலைமுடி 70 மைக்ரான் போல இருக்கும், அதாவது 35 பாயிண்ட்! கத்திக்கு அடில ஒட்டியிருக்கற கருப்புப் பொருக்கு, அன்வில்ல (கத்தி உக்கார்ற மேடை) இருக்கற ஒரு பிசிறு, ஸ்க்ரூல இருக்கற ஆட்டம், எது 2 மைக்ரான் அமுங்கினாலும் ஒரு பாயிண்ட் குறையும். (இந்த மெஷினை ராக்வெல் பேர் கொண்ட ரெண்டு பேர் 1914-ல பேட்டன்ட்டுக்குப் போட்டது அமெரிக்காவுல ஒரு பால் பேரிங் கம்பெனில இருந்துகிட்டு தான். இன்னைக்கு நம்ம பசங்க அதே பேரிங் ஸ்டீல்ல கத்தி பண்ணி அதே மெஷின்ல வைக்கறாங்க.)

சரி அந்தப் பையன் கதை. பட்டறைக்கே போய்ப் பாத்தேன். பழைய டைப் மெஷின், பின்னாடி ஹேங்கர்ல வெயிட் தட்டு மாட்டறது. வெறும் ஹேங்கர்னா 60, ஒரு தட்டு போட்டா 100, ரெண்டாவது தட்டும் போட்டா 150. ரெண்டாவது தட்டையே காணோம். 50 கிலோ குறையுதுன்னா 50 கிலோ இரும்பு காணாம போச்சுன்னு இல்ல, லிவர் இருக்கறதால அது கைல தூக்கற சின்ன தட்டு தான், காயலான் கடைல எங்க வேணா உருண்டு போயிருக்கும். டைமண்ட் வச்சு 100 கிலோல அமுக்கினா அது சி ஸ்கேலே இல்ல, டி ஸ்கேல். சி-ல 60 இருக்கறது அங்க 70 போல காட்டும், 45 இருக்கறது 59 காட்டும். இவன் குவெஞ்ச் பண்ணின உடனே, அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெய்ல முக்கின உடனே, பாத்தப்போ 74 காட்டியிருக்கு. "சூப்பர் ஸ்டீல்னு நினைச்சேன் அண்ணா." அங்க தான் நின்னிருக்கணும். சி ஸ்கேல் 70-க்கு மேல கணக்கே கிடையாது, ஈஎன் 31 எண்ணெய்ல இருந்து வெளிய வந்தா 64, 65 தான். இவன் 74-ஐ 61-க்கு இறக்கணும்னு 200 டிகிரில ஆரம்பிச்சு 250, 300, 400-ன்னு டெம்பரை ஏத்திக்கிட்டே போயிருக்கான். 200 டிகிரில முடியவேண்டிய வேலை 400 தாண்டியும் முடியலைன்னா பொய் சொல்றது அடுப்பு இல்லைன்னா மெஷின், ஸ்டீல் இல்ல.

இன்னொண்ணும் பாத்திருக்கேன், இது வேற ஒரு கடைல. டயல்ல கருப்பு எண், சிவப்பு எண் ரெண்டும் இருக்கும். கருப்பு சி ஸ்கேலுக்கு, சிவப்பு சாஃப்ட் மெட்டல் பாக்கற பி ஸ்கேலுக்கு. ஒரே இடத்துல சிவப்பு எண் கருப்பை விட 30 கூட இருக்கும். விக்கறவர் சிவப்பைப் படிச்சு "60 இருக்கு பாருங்க"ன்னார், கருப்புல அது 30. ஏமாத்தணும்னு இல்ல, அவருக்கே தெரியல.

அதனால வாங்கப் போகும்போது கைல டெஸ்ட் பிளாக், அதாவது ஹார்ட்னஸ் எவ்ளோன்னு முன்னாடியே அளந்து எழுதின ஸ்டீல் கட்டி, எடுத்துட்டுப் போங்க. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். என்ஏபிஎல் அங்கீகாரம் (லேப்களுக்குக் குடுக்கற தேசிய அங்கீகாரம்) உள்ள லேப் சர்டிபிகேட்டோட வர்ற பிளாக், 60 பக்கத்துல ஒண்ணு, முடிஞ்சா 30 பக்கத்துல ஒண்ணு. சில ஆயிரம் தான் ஆகும், மெஷின் வாங்கின அப்புறமும் வேணும், வேஸ்ட் ஆகாது. கடைல கிடக்கற பிளாக்கை நம்பாதீங்க, அதுல ஆயிரம் குழி இருக்கும், பின்பக்கமும் குத்தியிருப்பாங்க. அடில குத்தின பிளாக் செத்த பிளாக்.

அன்வில்லையும் பிளாக் அடியையும் துணில துடைச்சு, முதல் ரெண்டு ரீடிங்கை விட்டுடுங்க, அன்வில் உக்காரணும். அப்புறம் அஞ்சு ரீடிங், குழிக்குக் குழி, குழி அகலத்துல மூணு மடங்கு தள்ளி. உதாரணமா 60.2 பிளாக்ல அஞ்சும் 58-லயே நிக்குதுன்னா எனக்குப் பெரிய கவலை இல்ல, காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ணலாம். 61, 57, 60, 58.5-னு ஆடிச்சுன்னா உள்ள நைஃப் எட்ஜ் (லிவர் தாங்கி ஆடற கூர் விளிம்பு) தேய்ஞ்சிருக்கு, இல்ல ஸ்பிண்டில் (டைமண்ட் மாட்டற தண்டு) பிடிக்குது, விட்டுட்டு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க. ஐஎஸ்ஓ கணக்குல சி ஸ்கேலுக்கு ஒண்ணரை பாயிண்ட் முன்ன பின்ன ஒத்துக்குவாங்க.

30 பிளாக்ல சரியா காட்டிட்டு 60 பிளாக்ல மட்டும் ரெண்டு மூணு கூட காட்டுதா, எனக்கு முதல் சந்தேகம் டைமண்ட் மேல. மழுங்கின முனை உள்ள போகாது, அதனால எல்லாம் ஹார்டா தெரியும். பத்து மடங்கு பெருசா காட்டற லூப் (கண்ல வைக்கற லென்ஸ்) எடுத்துட்டுப் போய் குழியப் பாருங்க, ரவை அளவு தான் இருக்கும், சுத்தமான வட்டமா இருக்கணும், ஓரத்துல கடிச்ச மாதிரி இருந்தா டைமண்ட் போச்சு. புது இன்டென்டர் (அந்த டைமண்ட் முனை) விலைய அங்கேயே பேசிக் கழிச்சுக்கோங்க.

டேஷ்பாட்னு ஒரு எண்ணெய் சிலிண்டர் இருக்கு, லோடை மெதுவா இறக்கறது அது தான். லிவரைத் தட்டினதும் முள் தடால்னு விழுந்தா எண்ணெய் இல்ல, ரீடிங் சாஃப்ட் பக்கம் போகும். அஞ்சு செகண்ட் போல நிதானமா இறங்கணும். இது சின்ன ரிப்பேர், பயப்பட வேண்டாம்.

சர்டிபிகேட் காட்டுவாங்க. அதுல இருக்கற சீரியல் நம்பர் மெஷின் பிளேட்ல இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சுருங்க. மெஷின் இடம் மாறின நிமிஷமே அந்தப் பேப்பருக்கு மதிப்பு இல்ல. குட்டி யானைல ஏத்தறதுக்கு முன்னாடி வெயிட்டை எல்லாம் கழட்டி எண்ணி எடுத்துக்கோங்க, டைமண்டைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கோங்க, லிவரைக் கட்டுங்க. வெயிட்டை மாட்டின படியே துமகூரு ரோடு பள்ளத்துல எல்லாம் குதிச்சு வந்த மெஷினை நான் பாத்திருக்கேன், நைஃப் எட்ஜ் ரெண்டும் நசுங்கி.

பட்டறைல பவர் ஹாமர் பக்கத்துல வைக்காதீங்க. அதிர்வுல டைமண்ட் கூட இறங்கும். ரசமட்டம் வச்சு நேரா உக்கார வைங்க.

கத்தில எங்க குத்தறதுன்னும் கேப்பாங்க. சரிவா கிரைண்ட் பண்ணின இடத்துல குத்தினா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல, டைமண்ட் வழுக்கும், கத்தி சாயும். கைப்பிடிக்குள்ள போற பாகத்துல, ரெண்டு பக்கமும் பேரலலா இருக்கற இடத்துல, மேல் தோலை நல்லா கிரைண்ட் பண்ணிட்டு குத்துங்க, ஏன்னா ஃபர்னஸ்ல கார்பன் போன தோல் சாஃப்டா இருக்கும். தடிமன் குழி ஆழத்துக்குப் பத்து மடங்காவது வேணும், 60-க்கு அது 0.8 மில்லிமீட்டர். ஆனா கைப்பிடி பக்கத்தை அடுப்புல சரியா சூடாக்காம விட்டிருந்தா அங்க வர்ற எண் முனைக்குப் பொருந்தாது. அதனால நான் சொல்றது, அதே பட்டைல ஒரு துண்டு வெட்டி கத்தியோடவே ஃபர்னஸ்ல போட்டு எடுத்து அதைக் குத்துங்க. வளைஞ்ச கத்தியக் குத்தவே குத்தாதீங்க, ஸ்பிரிங் மாதிரி அமுங்கும்.

ஆன்லைன்ல பேனா மாதிரி ஒண்ணு விக்கறாங்களே, லீப் டைப், கத்திக்கு வேண்டாம். அது பந்து எகிறற வேகத்தைப் பாக்கறது, அடில கிலோ கணக்குல கனம் வேணும். மாசம் பத்து கத்தி தான் பண்றீங்கன்னா மெஷினே வேண்டாம், 40-ல இருந்து 65 வரைக்கும் வர்ற ஹார்ட்னஸ் ஃபைல் செட் (ஹார்ட்னஸ் அளவு வாரியா வர்ற அரங்கள்) ஒண்ணு வாங்கி, மாசத்துக்கு ஒரு துண்டை லேப்ல குடுத்துப் பாருங்க. நம்ம திருப்பாச்சேத்தி பக்கம் அரிவாளுக்குத் துவைச்சல் போடற (காய்ச்சி முக்கி கடினமாக்கற) ஆசாரி ஒரு அரத்தை வச்சு இழுத்தே சொல்லிடுவார்.

அந்தப் பையனோட குஜரிக்குப் போனோம். தட்டு அங்கேயே இருந்துச்சு, தார்ப்பாய் பறக்காம இருக்க மூலைல வச்சிருந்தாங்க. அதே மெஷினோட தட்டு தான், துருவைத் தேய்ச்சதும் சீரியல் நம்பர் தெரிஞ்சுது. காசு கேக்கல. மாட்டிப் பாத்தா 60.2 பிளாக்ல 59.6. பத்தொன்பது கத்திய திரும்ப குவெஞ்ச் பண்ணணும், அதுல ஏழுக்குக் கைப்பிடி ஒட்டி பாலிஷ் வரைக்கும் முடிச்சிருந்தான். ரோஸ்வுட். உளி எடுத்து அவனே உடைச்சான், நான் வெளிய வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்.