ஃப்ரீஸ் ஃபிரேம் டேட்டா: தமிழில் பழுதுநேரப் பதிவு

டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் சென்னையில் பல ஒர்க்‌ஷாப்புகளில் நடப்பது இதுதான். ஸ்கேனரைச் சொருகுவார்கள், பழுதைக் குறிக்கும் எண்ணான கோடு (code) வரும், அதை அழிப்பார்கள், விளக்கு அணையும், "எடுத்துட்டுப் போங்க சார், மறுபடி வந்தா பார்த்துக்கலாம்" என்பார்கள். கோடு அழியும்போது அதோடு சேர்ந்து அழிந்துபோவதுதான் ஃப்ரீஸ் ஃபிரேம் டேட்டா. எனக்கு அதுதான் ஆதங்கம்.

புகை மாசு சம்பந்தப்பட்ட ஒரு பழுதை எஞ்சின் கணினி கோடாகப் பதியும்போது, அந்த நேரத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கூடவே எழுதிவைக்கிறது. ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, எஞ்சின் லோடு, ஃபியூல் டிரிம் (பெட்ரோலை எஞ்சின் கணினி எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம்) எல்லாம் அதில் இருக்கும். ஸ்கேனர் வண்டியின் கணினியோடு பேசும் பொது முறையான ஓபிடி-2-இல் மோட் 1 ஓடிக்கொண்டிருக்கும் அளவுகளைக் காட்டும், மோட் 2 இந்தப் பதிவைக் காட்டும், மோட் 3 கோடுகளை. மோட் 4 கொடுத்தால் கோடும் பதிவும் சேர்ந்தே போய்விடும்.

சொல் சினிமாவிலிருந்து வந்தது. ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்ப பிரதியெடுத்து ஒட்டினால் திரையில் ஓட்டம் நின்று படம் அப்படியே உறைந்துவிடும், அதற்கு வைத்த பெயர்தான் காருக்கும் வந்துவிட்டது.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் அது சொல்லும். பதிவைத் திறந்தால் வேகம் 0, ஆர்பிஎம் 750, கூலன்ட் 92 டிகிரி, ஃபியூல் டிரிம் +22 சதவீதம் என்று இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறி, சிக்னல் மாதிரி ஓர் இடத்தில் சும்மா நின்றபோது வந்த பழுது என்பது தெரிந்துவிட்டது, அப்படியானால் முதலில் இன்டேக் பக்கம் வேக்கம் ஹோஸ் எங்காவது வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே கோடு, ஆனால் 90 கிலோமீட்டர் வேகம், லோடும் அதிகம் என்றால் சந்தேகம் ஃபியூல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகும். இதைப் பார்க்காமல் புதுப்பேட்டைக்குப் போய் ஆக்சிஜன் சென்சார் வாங்கி மாட்டுவது பண விரயம்.

ஒன்று கவனிக்கணும். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் சம்பந்தப்பட்ட பழுதுகளுக்கு முன்னுரிமை உண்டு, அவை வந்தால் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். அதனால் பதிவு எந்தக் கோடுக்கு உரியது என்று முதலில் பாருங்கள், அதுவும் அதிலேயே இருக்கும்.

சரி, தமிழில்? 'உறைசட்டகத் தரவு' என்று நேராக மாற்றலாம், ஆனால் 'உறை' என்றதும் தலையணை உறைதான் பலருக்கு நினைவு வரும், சட்டகம் என்றால் ஜன்னல். வேலையைச் சொல்லும் 'பழுதுநேரப் பதிவு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, கேட்டவுடன் புரிகிறது. அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில், "அழிக்கிறதுக்கு முன்னாடி பழுதுநேரப் பதிவை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் அண்ணே" என்று கேளுங்கள். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இது அழிந்துவிடும், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.