‘குளிர்ந்த ரத்தம்’ எந்த ஊர்த் தமிழ்?

அமெரிக்க எழுத்தாளர் ட்ருமன் கபோட்டி உண்மைக் கொலை வழக்கு ஒன்றை வைத்து எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’ நாவல் பற்றிய கட்டுரை ஒன்றில் மறுபடியும் அதே பெயர்: ‘குளிர்ந்த ரத்தத்தில்’. போதாததற்கு உள்ளே, “குளிர்ந்த ரத்தத்தோடு நால்வரைக் கொன்றனர்” என்று ஒரு வரி வேறு. இனியும் பொறுக்க முடியவில்லை.

ஆத்திரத்தில் ரத்தம் சூடாகும், நிதானத்தில் ஆறியிருக்கும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. பிரெஞ்சில் ‘சான் ஃப்ருவா’ என்பதற்கு நேர்பொருள் குளிர்ந்த ரத்தம்தான். நெருக்கடியிலும் நிலைகுலையாதவரைப் பாராட்டும் சொல் அது. ஆங்கிலத்தில் அதே குளிர்ந்த ரத்தம், ‘கோல்ட் பிளட்’, கொலையோடு ஒட்டிக்கொண்டு, கோபவெறி இல்லாமல் நிதானமாகச் செய்தது என்றானது.

தமிழிலும் ரத்தம் கொதிக்கும், சரி. பயத்தில் உறையவும் செய்யும். குளிர்வது மட்டும் இல்லை. நமக்குக் குளிர்ச்சி என்றாலே நல்லது. மனம் குளிர வாழ்த்துகிறோம், கண் குளிரப் பார்க்கிறோம், பசித்த பிள்ளை சாப்பிட்டு எழுந்தால் வயிறு குளிர்ந்தது என்கிறோம். ‘குளிர் ரத்தம்’ என்றதும் பாடப்புத்தகத்துத் தவளையும் பல்லியும்தான் நினைவுக்கு வரும், கொலைகாரன் வரமாட்டான்.

‘ஈவிரக்கமின்றி’ என்று எழுதுவோர் தமிழாகவாவது எழுதுகிறார்கள். ஆனால் வெறிபிடித்து வெட்டுபவனும் ஈவிரக்கமின்றித்தான் வெட்டுகிறான். ‘திட்டமிட்டு’ என்பதும் போதாது. அது கொலைக்கு முந்தைய சங்கதி. இங்கே சொல்ல வேண்டியது கொல்லும் நேரத்து மனநிலையை.

அந்த மனநிலை நாவலிலேயே இருக்கிறது. 1959 நவம்பர் 15 அன்று கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கோம் கிராமத்தில், பெட்டகம் நிறையப் பணம் இருக்கும் என்று நம்பி ஹிக்காக், ஸ்மித் என்ற இருவர் கிளட்டர் என்பவரின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பெட்டகமே இல்லை. கணவன், மனைவி, மகள், மகன் நால்வரையும் கட்டிப்போட்டுக் கொன்றார்கள். மகனின் தலைக்கடியில் தலையணை வைத்தார்கள், அப்புறம் சுட்டார்கள். கழுத்தை அறுக்கும் நொடிவரை கிளட்டரை நல்ல மனிதர் என்றே நினைத்ததாக ஸ்மித் சொன்னார். பகையுமில்லை, ஆத்திரமுமில்லை.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: ‘நெஞ்சு பதறாமல்’. கொடுமையைக் கண்டால் பதற வேண்டியது நெஞ்சு. அது பதறவில்லை என்பதுதான் குற்றச்சாட்டே. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று அதே பதறாமையைப் பாராட்டவும் செய்கிறோம். பிரெஞ்சுச் சொல்லின் பாராட்டும் ஆங்கிலச் சொல்லின் பழியும் இந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. 1965 ஏப்ரல் 14 அன்று அரசு அந்த இருவரையும் தூக்கிலிட்டது. நாவலின் தலைப்பு அந்தக் கொலையையும் சுட்டுகிறது என்று வாசிப்பவர்கள் பலர்; நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ‘கொடூரக் கொலை’ என்று பெயர் வைத்தால் இந்த வாசிப்புக்கு இடமே இருக்காது. ‘நெஞ்சு பதறாமல்’ இரண்டுக்கும் பொருந்தும்.

அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து அடுக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பை ‘இன் கோல்ட் பிளட்’ என்று ஒலிபெயர்த்தே எழுதுங்கள், ஆட்சேபணை இல்லை. வாக்கியத்துக்குள் வரும்போது மட்டும் “நெஞ்சு பதறாமல் கொன்றார்கள்” என்று எழுதிவிடுங்கள்.