மூணு லெட்டர்பேடு, ஒரே எழுத்துப்பிழை

காரைக்குடியில் ஆடிட்டராக இருப்பதால், பொருள் வாங்குமுன் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்கும் ‘மூணு கொட்டேஷன்’ சமாச்சாரம் எனக்கு அன்றாடம். சமீபத்தில் ஒரு ஃபைலில் மூன்று கடைகளின் லெட்டர்பேடு இருந்தது. மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. தொகை மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் தள்ளித் தள்ளி.

“இதுல என்ன சார் இருக்கு, இந்தத் தடவ எனக்கு, அடுத்தது அவருக்கு” என்றார் கொண்டுவந்தவர், ஏதோ மொய் திருப்பிச் செய்கிற மாதிரி.

நம் ஊர்ப் பேச்சில் இது சிண்டிகேட். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(3) பிரிவில் இது கார்டெல். போட்டிக் கடைக்காரர்கள் பேசிவைத்து விலை வைப்பது, சரக்கைக் குறைத்து விடுவது, ஏரியா பிரித்துக்கொள்வது, டெண்டரில் கூட்டுச் சேர்வது எல்லாம் இதில் அடக்கம். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை. வாய்ப்பேச்சே போதும். பேசிவைத்தது நிரூபணமானால், அதனால் சந்தைக்குக் கெடுதல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது நம் பாடு.

வாயால் பேசியதை எப்படிப் பிடிப்பார்கள்? அரிசி மில்காரர்களுக்குப் பரிச்சயமான ஒரு வழக்கைச் சொல்கிறேன். குடோனில் வண்டு விழாமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு 2009-இல் இந்திய உணவுக் கழகம் டெண்டர் விட்டது. மூன்று கம்பெனிகள் கேட்ட விலை, கிலோவுக்கு அட்சரம் பிசகாமல் ரூ.388. அடக்கச் செலவு ஆளுக்கு ஆள் வேறு. விலை மட்டும் ஒன்று. போதாததற்கு, டெண்டர் போட வந்த அன்று வருகைப் பதிவேட்டில் மூவருக்கும் சேர்த்து ஒரே பதிவு! இந்தச் சட்டத்தை அமலாக்கும் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் தொகையைக் குறைத்ததே தவிர, குற்றம் குற்றம்தான் என்றது; 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அன்று பதிவேடு, இன்று வாட்ஸ்அப், கால் ரெக்கார்டு. ஆணையத்தின் தலைமை இயக்குநர் அலுவலகம் நீதிமன்ற அனுமதியோடு சோதனைக்கே வரலாம்.

இந்தப் பக்கம் சங்கம் இல்லாத தொழில் கிடையாது. ஜிஎஸ்டி பற்றிப் பேசுங்கள், கலெக்டருக்கு மனுக் கொடுங்கள், தப்பே இல்லை. தீர்மானப் புத்தகத்தில் ‘ஒன்றாம் தேதி முதல் மூட்டைக்கு இவ்வளவு’ என்று எழுதினால், எதிர்த்தரப்புக்கான சாட்சியத்தை நீங்களே எழுதித் தருகிறீர்கள். சிமெண்ட் வழக்கில் கம்பெனிகளோடு அவர்கள் சங்கத்துக்கும் சேர்த்தே அபராதம் விழுந்தது.

அபராதத்தின் உச்சவரம்பு, கார்டெல் நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தைப்போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது. 2023 திருத்தத்துக்குப் பின் அந்த வரம்பைப் பிரச்சினைக்குரிய சரக்கை மட்டும் வைத்தல்ல, எல்லாச் சரக்கும் சேர்ந்த மொத்த விற்றுமுதலை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஒரே ஃபர்மில் ஹார்டுவேரும் அரிசி மண்டியும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே கார்டெலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆணையத்திடம் முதலில் போய் உள்ளதைச் சொல்பவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை தள்ளுபடி, இரண்டாமவருக்கு 50, மூன்றாமவருக்கு 30 வரை. 2021-இல் பீர் கம்பெனிகள் வழக்கில் மொத்தம் ரூ.873 கோடி அபராதம். முதலில் முன்வந்த கம்பெனி ஒரு ரூபாய் கட்டவில்லை. கூட்டாளி வக்கீலைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தால் அவருக்குத்தான் 100.