பிபி ஏறுனது உங்களுக்கா, உங்க கைக்கா?

போன மாசம் ஒரு பேஷன்ட் வந்தாரு, அறுபது வயசு இருக்கும், கையில ஒரு நோட்டு. மூணு வாரத்து பிபி ரீடிங்க தேதி, நேரத்தோட கட்டம் போட்டு எழுதி வெச்சிருக்காரு, ஒண்ணு கூட 145-க்கு கீழ இல்ல. "டாக்டர், இந்த மாத்திரை எனக்கு கேக்கல, டோஸ ஏத்திருங்க"ன்னு அவரே முடிவும் சொல்லிட்டாரு. நோட்ட பாத்தா எனக்கும் ஏத்தலாம்னுதான் தோணுச்சு, பேனாவ கூட எடுத்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு, மெஷின் கையோடதான கொண்டு வந்திருக்கீங்க சார், வீட்ல எப்படி பாப்பீங்களோ அதே மாதிரி இங்க ஒரு தடவ பாத்து காட்டுங்கன்னேன்.

முழுக்கை சட்டைய முழங்கைக்கு மேல சுருட்டி விட்டாரு, அது கயிறு மாதிரி இறுக்கிக்கிட்டு நிக்குது. அந்த சுருட்டுன துணி மேலயே பாதி ஏறுற மாதிரி பட்டைய சுத்தினாரு. கால் மேல கால், கைய மடியில போட்டாரு, பட்டன அமுக்கிட்டு பட்டை உப்பிக்கிட்டு இருக்கும்போதே பையன் வேலை மாறுன கதைய சொல்லிக்கிட்டு இருக்காரு. 152-க்கு 90.

சரின்னு சட்டைக் கைய கழட்ட சொல்லி, முதுகு சாயுற நாற்காலில உக்கார வெச்சு, ரெண்டு பாதமும் தரையில, கைய மேஜை மேல நெஞ்சு உயரத்துக்கு வெச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கன்னேன் (அவருக்கு இதுதான் பெரிய தண்டனையா இருந்துச்சு). அதே மெஷின், அதே கை, 134-க்கு 82. நான் எழுத இருந்த கூடுதல் மாத்திரை தப்பிச்சது.

இது அவர் ஒருத்தர் கதை இல்ல. 2024-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 133 பேர வெச்சு இதையேதான் சோதிச்சாங்க. கை மேஜை மேல இருக்கும்போது வர்ற அளவோட ஒப்பிட்டா, மடியில வெச்சா மேல் பிரஷர் சராசரியா 4 பாயிண்ட் கிட்ட கூட காட்டுது, பக்கத்துல தொங்கவிட்டா 6.5 கூட. காரணம் ஒண்ணும் மாயம் இல்ல, இதயத்துக்கு கீழ கை இறங்க இறங்க ரத்தத்தோட எடையும் சேந்து அமுக்கும், 10 சென்டிமீட்டர் இறங்குனா ஏறக்குறைய 7, 8 பாயிண்ட். 137-ல இருக்குறவர் 143 ஆயிடுவாரு, 140-ஐ தாண்டியாச்சுன்னு பிபி பேஷன்ட்ங்கிற பேரும் வந்துடும்.

கைய விட பெரிய வில்லன் பட்டையோட சைஸ். மெஷினோட வர்ற ஒரே பட்டைய வீட்ல எல்லாரும் கட்டிக்கிறோம், குண்டான மாமாவும் அதேதான், ஒல்லியான பாட்டியும் அதேதான். 2023-ல வந்த ஒரு ஆய்வுல, ரொம்ப பெரிய சைஸ் பட்டை தேவைப்படுறவங்களுக்கு சாதாரண சைஸ கட்டினப்ப மேல் பிரஷர் சராசரியா 19.5 பாயிண்ட் கூட காட்டிச்சு. கிட்டத்தட்ட 20 பாயிண்ட்டுங்க, ஒரு மாத்திரை, சில பேருக்கு ரெண்டு மாத்திரையே போட்டாத்தான் அவ்ளோ இறங்கும்! ஒல்லிக் கைக்கு உல்டா, நிஜத்த விட கம்மியா காட்டி ஏமாத்தும். அதனால மெஷின் வாங்கும்போது பிராண்ட பாக்குறதுக்கு முன்னாடி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல டேப்ப சுத்தி அளந்து, பட்டை மேல எழுதியிருக்குற சென்டிமீட்டர்ல நம்ம கை அடங்குதான்னு பாருங்க.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, ஒத்துக்கணும். கூட்டம் இருக்குற நாள்ல மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவர உக்கார வெச்ச உடனே பட்டைய சுத்தி, ஒரே ஒரு ரீடிங் எடுத்து, சீட்டுல எழுதி அனுப்புறது நானே செஞ்சிருக்கேன். வேற இடத்துல உங்களுக்கு அப்படி எடுத்தா, "அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவ பாக்குறீங்களா"ன்னு கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

காபி, சிகரெட், உடற்பயிற்சி இதெல்லாம் முடிஞ்சு அரை மணி நேரமாவது ஆகணும். மூத்திரத்த அடக்கிக்கிட்டு பாக்காதீங்க, அதுவும் ஏத்தும்.

எனக்கு உண்மையிலயே பயம் எதுலன்னா, ராத்திரி ரீடிங்க பாத்து பதறுறதுலதான். ஒரு அம்மா, தூக்கம் வரலன்னு பதினொரு மணிக்கு பாத்திருக்காங்க, 170. மறுபடி பாத்தா 176, பயத்துல இன்னொரு தடவ, 181. பயம் ஏற ஏற நம்பரும் ஏறுது. மறுநாள் காலைல போட வேண்டிய மாத்திரையையும் சேத்து முழுங்கிட்டாங்க. விடியக்காலைல பாத்ரூம் போக சட்டுன்னு எழுந்திருச்சவங்க தல சுத்தி விழுந்து, என்கிட்ட வரும்போது மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு கட்டோட வந்தாங்க. அந்த 181 அவங்கள ஒண்ணும் பண்ணல, அத இறக்க போட்ட மாத்திரைதான் பண்ணிச்சு.

180-க்கு 120-ஐ தாண்டி இருக்கு, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, பார்வை மங்குறதுன்னு ஏதாவது இருந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம எமர்ஜென்சிக்கு போங்க. வாய் கோணுது, கை தூக்க முடியலன்னா மெஷின தேடவே வேண்டாம், கிளம்புங்க. எந்த தொந்தரவும் இல்லாம நம்பர் மட்டும் கூட இருந்தா, உக்காந்து, அமைதியாகி, திரும்ப பாருங்க, அப்பவும் இறங்கலன்னா டாக்டருக்கு போன் போடுங்க. நீங்களா மாத்திரைய கூட்டாதீங்க, குறைக்கவும் செய்யாதீங்க.

அதுக்காக "அப்போ என் பிபியும் கை வெச்ச தப்புதான்"னு மாத்திரைய நிறுத்திட்டு ஒருத்தர் வந்தாரு பாருங்க, அவருக்கு எத்தன தடவ எப்படி பாத்தாலும் 160. பிபி இருக்குறதே தெரியாம திரியுறவங்க நிறைய பேரு, உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன கணக்குப்படி பிபி இருக்குறவங்கள்ல பாதிக்கு கிட்ட, அதாவது 46 சதவீதம் பேருக்கு அது இருக்குன்னே தெரியாது. கிளினிக்ல நார்மலா காட்டி வீட்ல மட்டும் ஏறுற ஆளும் உண்டு, அது இன்னும் மோசம், ஏன்னா நாங்க கோட்ட விட்டுடுவோம்.

அதனாலதான் வீட்டுக் கணக்கு எனக்கு வேணும். ஒரு வாரம், காலைல மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. முத நாள் கணக்க விட்டுட்டு மத்ததுக்கு சராசரி எடுங்க. வீட்ல எடுக்குறதுக்கு கோடு 135-க்கு 85, கிளினிக்ல சொல்ற 140-க்கு 90 இல்ல. கைக்கடிகாரம் காட்டுற பிபிய எழுதிக்கிட்டு வராதீங்க, பட்டை இல்லாத கருவிகள இப்போதைக்கு நம்பி சிகிச்சை பண்ண வேண்டாம்னுதான் 2024-ல வந்த ஐரோப்பிய இதய மருத்துவர்கள் வழிகாட்டுதலும் சொல்லுது. முத தடவ ரெண்டு கையிலயும் பாத்துட்டு எது கூட காட்டுதோ அந்தக் கையிலயே தொடருங்க. இதயத் துடிப்பு தாறுமாறா இருக்குறவங்களுக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் மெஷின் ஒரு தடவ ஒண்ணு, மறு தடவ வேற ஒண்ணுன்னு காட்டும், அவங்க மூணு ரீடிங்கா எடுங்க.

அடுத்த தடவ டாக்டர பாக்க வரும்போது நோட்டோட மெஷினையும் எடுத்துட்டு வாங்க, எங்க மெஷினோட ஒத்துப் போகுதான்னு பாத்துருவோம். அப்படியே புது பேட்டரி போட்டுட்டு வாங்க, பாதிலயே உயிர விடுற மெஷின்கள நான் நிறைய பாத்தாச்சு.