பேரப்பிள்ளை ஹோமில் இருக்கிறதா? உடனே எழுதிக் கொடுங்கள்

"ஹோமில்தானே இருக்கான், அறுப்பு முடிஞ்சதும் போய்க் கூட்டிக்கலாம்னு இருந்தேன்மா." தாத்தா பாட்டிகளிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குழந்தைகள் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக, இதை இனி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சமீபத்தில் வந்த பாட்டியின் மகள் இறந்துவிட்டாள். மருமகன் போன இடம் தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் தனியாக நின்ற மூன்று வயதுப் பேரனைப் பார்த்த யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல, அவன் குழந்தைகள் நலக் குழு (ஆதரவில்லாத குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் சட்டப்படியான குழு) வழியாகக் குழந்தைகள் இல்லத்துக்குப் போனான். பாட்டி இல்லத்தின் கேட் வரை போய், வாட்ச்மேனிடம் "பையன் நல்லாயிருக்கானா" என்று விசாரித்து, முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என் மேசையில் மஞ்சள் பையைத் திறந்து, பேரன் பெயருள்ள ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, லேமினேட் செய்த பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பையனைத் தத்துக் கொடுத்து கலெக்டர் உத்தரவும் ஆகிவிட்டிருந்தது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், இல்லம் என்பது ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டலில் நீங்கள் சேர்க்கிறீர்கள், லீவு விட்டால் கூட்டி வருகிறீர்கள். இல்லத்துக்குக் குழந்தை வருவது குழுவின் உத்தரவில். வெளியே போவதும் அதே குழுவின் உத்தரவில்தான். கண்காணிப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தானாக ஒப்படைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. "பத்திரமா இருக்கான்" என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது அங்கே கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் படத்தைப் போட்டு பத்திரிகையில் விளம்பரம் வரும். யாரும் வரவில்லை என்றால், இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேல் வயதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும், தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று குழு அறிவித்துவிடலாம். வருடக்கணக்கில் யாருமே வந்து பார்க்காத குழந்தைகளையும் இப்போது தத்துக்கான விசாரணைக்குள் கொண்டுவருகிறார்கள்.

"ரத்த சொந்தம் நாங்க இருக்கும்போது எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்பீர்கள். தாத்தா பாட்டி என்பதாலேயே யாரும் சட்டப்படியான காப்பாளர் (கார்டியன்) ஆவதில்லை. பெற்றோரும் காப்பாளரும் இல்லாத குழந்தை, நீங்கள் உயிரோடு இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அநாதைதான். கேட்கவே வலிக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அதே சிறார் நீதிச் சட்டம், 2015, உங்களுக்குச் சாதகமாகவும் நிறையச் சொல்கிறது. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டி உறவினர் என்ற முறையில் தத்தெடுக்கலாம். அதற்கு வயது வரம்பும் கிடையாது. கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவனை, 71, 63 வயதான தாத்தா பாட்டியிடமே 2022இல் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. அம்மாவின் சகோதரி வயதில் இளையவர், அரசு வேலையில் இருப்பவர் என்று குஜராத் உயர் நீதிமன்றம் அவரிடம் கொடுத்திருந்ததை மாற்றித்தான் அந்தத் தீர்ப்பு. வசதியில்லையே என்று தயங்குகிறவர்கள், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம். "குழந்தையை நாங்கள் வளர்க்கிறோம்" என்று குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வீட்டு விசாரணைக்கு வருகிறவரிடம் குடிகார மகனை மறைக்காதீர்கள், எப்படியும் தெரிந்துவிடும். பார்க்கப் போனால் வாட்ச்மேனோடு திரும்பாமல் உள்ளே போய் வருகைப் பதிவு நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். பள்ளி வாசலில் குழந்தையைத் தூக்கிவரும் வேலையே வேண்டாம், இருக்கிற வாய்ப்பும் போய்விடும். குழுவின் உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

தத்து உத்தரவு ஆன பிறகு பிறந்த குடும்பத்தின் உறவு சட்டப்படி அறுந்துவிடும். பார்க்கும் உரிமை கேட்டு அப்போது வந்தால், என்னால் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பாட்டி பெயரில் விண்ணப்பியுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. குழு எங்கே, எந்தெந்த நாளில் கூடுகிறது என்று தெரியாவிட்டால் 1098இல் இன்றைக்கே கேளுங்கள்.