கொலாப் என்றால் கூட்டாக்கமா, ஒத்துழைப்பா?

ஓவியர் ஒருவர் கவிஞருடனோ இசையமைப்பாளருடனோ நடனக் கலைஞருடனோ சேர்ந்து எதைச் செய்தாலும் இப்போது அதற்குப் பெயர் 'கொலாப்'. 'கொலாபரேஷன்' என்பதன் சுருக்கம் இது. வேர் லத்தீன்: 'கொம்' என்றால் உடன், 'லபோராரே' என்றால் உழைத்தல். இரண்டும் புணர்ந்து 'கொல்லபோராரே' ஆகி, பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'கொலாஜ்' இதன் உறவுக்காரச் சொல் என்று தோன்றும், இல்லை. அது பசை போட்டு ஒட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது.

இடையில் இச்சொல்லுக்குக் கெட்ட பெயரும் வந்தது. நாஜி ஜெர்மனி பிரான்சின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருந்த 1940 அக்டோபரில், ஹிட்லரைச் சந்தித்துத் திரும்பிய பிரான்சின் தலைவர் பெத்தான், தாம் 'கொலாபரேஷன்' பாதையில் இறங்குவதாக வானொலியில் அறிவித்தார். அதன்பின் ஆக்கிரமித்த எதிரிக்குத் துணைபோவதும் இச்சொல்லின் பொருளாக நிலைத்துவிட்டது. தமிழில் அந்தப் பொருளுக்கு 'உடந்தை' கச்சிதம்.

சரி, கலைக்கு எதைச் சொல்வது? சட்டென்று வாயில் வருவது 'ஒத்துழைப்பு'. பிரித்துப் பார்த்தால் லத்தீனுக்கு மிக நெருக்கம்தான்; அங்கும் உழைப்பு, இங்கும் உழைப்பு. ஆனால் வழக்கில் அது வேறு திசைக்குப் போய்விட்டது. விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம், சிகிச்சைக்கு உடம்பு ஒத்துழைக்கிறது. ஒருவர் நடத்த, மற்றவர் இணங்கிப்போவதுதான் அதில் தொனிக்கிறது. காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் மறுத்ததும் இந்த இணக்கத்தைத்தான்.

கலையில் நடப்பது சில சமயம் இதற்கு நேரெதிர். 1984, 85 ஆண்டுகளில் நியூயார்க்கில் ஓவியர்கள் ஆண்டி வார்ஹோலும் ஜான் மிஷேல் பாஸ்கியாவும் ஒரே கேன்வாஸ்களில் வரைந்தார்கள். பெரும்பாலும் வார்ஹோல் முதலில் நிறுவனச் சின்னத்தையோ செய்தித்தாள் தலைப்பையோ போட்டுவைப்பார். பாஸ்கியா வந்து அதன்மேலேயே முகங்களும் சொற்களுமாக வரைவார், வேண்டாததை மறைப்பார். பல ஆண்டுகளாக சில்க்ஸ்கிரீன் அச்சையே (சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளிப் படத்தைப் பதிக்கும் முறை) நம்பியிருந்த வார்ஹோல் மறுபடி தூரிகையைக் கையில் எடுத்ததும் இந்தக் காலத்தில்தான். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் அழிப்பதை ஒத்துழைப்பு என்று எப்படிச் சொல்வது?

அதனால் நான் பரிந்துரைப்பது: செயலுக்குக் 'கூட்டாக்கம்', அதில் விளைந்த படைப்புக்குக் 'கூட்டுப்படைப்பு'. 'கூட்டு முயற்சி'யும் தவறில்லை, கொஞ்சம் தொழில் ஒப்பந்த வாடை அடிக்கிறது, அவ்வளவுதான். ஆளைக் குறிக்கத்தான் சிக்கல். 'கூட்டாளி' என்றதும் வியாபாரமோ திருட்டு வழக்கோ நினைவுக்கு வருகிறது, 'உடன்படைப்பாளர்' பரவாயில்லை. பேச்சில் இவ்வளவும் வேண்டாம், 'சேர்ந்து செய்தோம்' போதும்.

இருவரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனங்கள் பலவற்றில் நடனம், ஜான் கேஜின் இசை, ராபர்ட் ரௌஷென்பெர்கின் மேடை வடிவமைப்பு மூன்றும் தனித்தனியாக உருவாகி மேடையில்தான் ஒன்று சேர்ந்தன. அதுவும் கூட்டாக்கமே, மூவரும் தெரிந்தே தேர்ந்த முறை அது. மாறாக, எழுதி முடித்த கவிதைக்கு ஓவியர் ஒருவர் படம் போட்டுத் தருகிறார், ஒரு வரிகூட அதனால் மாறவில்லை என்றால் அதைக் கொலாப் என்று விளம்பரப்படுத்துவது மிகை. 'ஓவியம்: இன்னார்' என்று போட்டாலே போதும்.