பொருக்கு உரிக்கத் தெரிந்த கை

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தெருமுனையில் மழைநீர் இறங்கட்டும் என்று பள்ளம் வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பிச் செடி வைத்தார்கள், முதல் வருஷம் ரெண்டு மணி நேரத்தில் வடிந்த தண்ணீர் இப்போது நாள்கணக்கில் நின்று கொசு வருகிறது, வேலை சரியில்லையா?

வேலை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மேலே ஒரு விரற்கடை மண்தான் வழியை அடைக்கிறது.

தெருவில் ஓடிவரும் மழைத்தண்ணீர் கலங்கலாக வரும் என்பது ஊருணிக் கரையில் வளர்ந்த நமக்குத் தெரியும். அதிலுள்ள மணல் நொடிக்கு ரெண்டு சென்டிமீட்டர் வேகத்தில் சட்டென்று இறங்கிவிடும். களிமண் துகள் அப்படியில்லை. விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் காலாகக் குறையும், அதனால் 0.002 மில்லிமீட்டர் துகள் ஒரு அடி இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கடைசியாக வருவதால் எல்லாவற்றுக்கும் மேலே, பாலாடை மாதிரி ஒரு ஏடாகப் படிகிறது. அடியில் நாலடி மணல் இருந்தாலும் தண்ணீர் அந்த ஏடு விடுகிற வேகத்தில்தான் இறங்கும்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெயில் அடித்ததும் ஏட்டின் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் இன்னும் ஈரமாக அகலம் குறையாமல் இருக்கிறது, இந்த இழுபறியில் மண் கட்டம் கட்டமாக வெடித்து ஓரங்கள் அப்பளம் போல மேலே சுருண்டு மணலை விட்டுத் தானே எழும்பி நிற்கும். பொருக்கு என்கிறோமே, அதுதான். அந்த நேரத்தில் மம்பட்டியைப் படுக்கவைத்து இழுத்தால் மணல் கலையாமல் உரிந்து வந்துவிடும். ஈரத்தில் மிதித்தால் களிமண் மணலின் இடுக்குகளுக்குள் ஏறிக்கொள்ளும், அப்புறம் மேல்மண்ணையே மாற்ற வேண்டியதுதான். காயவிட்டு, அடுத்த மழை வந்து ஊறிப்போவதற்குள் உரிக்கவும் வேண்டும். உரித்த மண்ணில் வண்டி எண்ணெயும் உலோகமும் சேர்ந்திருக்கும், கீரைப் பாத்தியில் கொட்டக் கூடாது. செடியையும் களை என்று பிடுங்கக் கூடாது, வெட்டிவேர் போன்றவற்றின் பழைய வேர்கள் மக்கிய இடம் குழாயாகித் தண்ணீரை இறக்குகிறது.

ஆக, இது பழகவேண்டிய தொழில். அமெரிக்காவின் பிலடெல்பியா 2011-இல் இப்படிப்பட்ட மழைத்தோட்டங்களுக்கு 25 ஆண்டுத் திட்டம் போட்டது. 2013-இல் அங்கே தொடங்கிய பவர்கார்ப்ஸ் என்ற அமைப்பு, வேலையில்லாத இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு இந்தப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தது. நம் மாநிலத்திலும் 2022-இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் வந்திருக்கிறது. வெட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை உரிப்பவர்களுக்கும் வருஷா வருஷம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நூறு நாள் வேலையில் ஊருணியும் வரத்துக்காலும் தூர்வாரிய பெண்களுக்கு மண்ணைப் பார்க்கும் கண் ஏற்கெனவே உண்டு, ஒரு மாதப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நம்புகிறேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பதற்குக் கொடுக்கிற காசை, எந்த ஆதாரமும் இல்லாத அந்த வித்தைக்குக் கொடுக்காமல் இவர்களுக்குக் கொடுங்கள்.

தேவகோட்டை வாசகருக்கு ஒன்று. அடுத்த மழைத்தண்ணீர் வடிந்ததும் ஓரமாக நின்று, அடிப்பாகம் வெட்டிய டின் ஒன்றை ரெண்டு அங்குலம் அழுத்தி, ஒரு சாண் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே மேல்மண்ணை ஒரு அங்குலம் வழித்தெடுத்த இடத்திலும் அதே டின், அதே தண்ணீர். ரெண்டு நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.